ஒற்றை வளையம்

“ஏம்மா தெக்லா, இந்தக் காசு உன் புருஷன் கையிலேர்ந்து வந்ததா?”

நிகோசியாக் கடைத்தெருவில் காசு மாற்றும் சிரியாக்காரர் பூலோஸ் இதைக் கேட்டபடி தெக்லாவின் காசை அவளிடமே திருப்பி நீட்டினார். பெசான்ட் என்றால் கிண்ணம்போல் குழிந்த தங்கக் கலப்புக் காசு. அவள் கொடுத்த காசும் குழிந்துதான் இருந்தது.

“தங்கம் வாசனைக்குக்கூட இல்ல, வெறும் வெள்ளி. நீ காட்டல, நான் பாக்கல. போ.”

அவள் கணவன் நிகிதாஸ் அரசரின் நாணயச் சாலையில் காசு அடிக்கும் சுத்தியல்காரன். கள்ளக்காசு அடித்தவனுக்கு வலது கை போய்விடும். காசோ அவளுடைய கல்யாணக் காசு. பெட்டியில் சிவப்புத் துணியில் முடிந்து வைத்திருந்தது. அந்தப் பெட்டியைத் திறக்கிறவர்கள் இரண்டே பேர். நல்லதை எடுத்துக்கொண்டு கள்ளத்தை வைத்துவிட்டானோ? போன மாதம் அவன் வாங்கிய புதுச் செருப்பு நினைவுக்கு வந்தது. அவன் விரலில் இருந்த தீக்காயமும்தான்.

சாயங்காலம் அவன் பருப்புக்கஞ்சியைக் கையில் எடுக்கும் முன்பே காசை எதிரே வைத்தாள். அவன் அதன் வெளிப்புறத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

“யாரு குடுத்தா?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

“என்னையா சந்தேகப்படற?” அவனுக்குச் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. “குழிக்காசுக்கு ரெண்டு அடி வேணும்டி. அச்சை இடப்பக்கம் சாய்ச்சு ஒண்ணு, வலப்பக்கம் சாய்ச்சு ஒண்ணு. ரெண்டும் சேர்ற எடத்துல கிறிஸ்து உருவத்தோட தலையச் சுத்துற ஒளி வளையம் ரெட்டையா விழும். இதுல ஒத்தை வளையம். எவனோ ஒரே அடியா அடிச்சிருக்கான்.”

“வீட்டுல அடிச்சா சத்தம் கேக்கும்னு நீயே ஒரு அடியோட நிறுத்தியிருக்கலாமே?”

“பத்து வருஷமா சாய்ச்சு சாய்ச்சு அடிச்ச கை, நான் சொன்னாலும் கேக்காது. மத்ததக் கொட்டு.”

கொட்டினாள். கையிலிருந்ததோடு பதினொன்று. ஐந்தில் இரட்டை வளையம். ஆறில் ஒற்றை.

ஆறு, அவளுக்குத் தெரிந்த கணக்கு. கல்யாணத்தன்று பெண்வீட்டார் ஒவ்வொருவராக வந்து மணப்பெண்ணின் மடியில் காசு போட்டபோது, ஆறு போட்டது அவளுடைய அண்ணன் லோயிஸோஸ் ஒருவன்தான். செப்புப் பாத்திரக் கடைக்காரன். “சட்டிக்கு ஒட்டுப் போடறவன் ஆறு போடறானே, எந்தச் சட்டிக்குள்ள கெடச்சுது?” என்று மாமியார் கேட்க, கூடமே சிரித்தது. அவன் மட்டும் தலை நிமிர்ந்து நின்றான்.

“கள்ளக்காசப் பாத்துட்டு மறுநாள் மத்தியான மணிக்குள்ள சொல்லலேன்னா, நாணயச் சாலைக்காரனையும் கள்ளனாத்தான் வெப்பாங்க,” என்றான் நிகிதாஸ். “பூலோஸுக்கு வேற தெரிஞ்சுபோச்சு.”

“எங்கண்ணன்யா.”

“என் கைடி இது.”

தெக்லா ஆறு காசுகளையும் தனியே முடிந்தாள்.

மறுநாள் காலை லோயிஸோஸ் வழக்கம்போல ஆட்டுப் பால்கட்டியோடு வந்தான். “என்னடி மூஞ்சி இது, மாப்பிள்ள அடிச்சானா? காசத் தவிர வேற எதையும் அடிக்கத் தெரியாதே அவனுக்கு!”

தெக்லா சிரிக்கவில்லை. ஆறு காசுகளையும் அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“இது உன் வேலையா அண்ணே? இல்லன்னு சொல்லு. நான் நம்பறேன்.”

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, கண்ணில் மட்டும் இல்லை. வாசற்படியில் நிகிதாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், தலையைத் தூக்கவில்லை.

“மத்தியான மணி அடிக்கப் போறப்பத்தான் நான் வாயத் தொறப்பேன்,” என்றான் தரையைப் பார்த்து.

லோயிஸோஸ் காசுகளை இடுப்பில் செருகினான். பால்கட்டியைத் தங்கையின் கையில் கொடுத்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ‘இல்லை’ வராதா என்று. அண்ணன் நிகிதாஸின் முழங்காலைத் தாண்டித் தெருவில் இறங்கினான். தன் கடை இருந்த பக்கம் திரும்பவில்லை. துறைமுகச் சாலைக்குப் போகும் கோட்டைவாசலை நோக்கி வேகமாக நடந்தான்.