நின்று எரியாத அடுப்பு

அடுப்பு மறுபடியும் அணைந்தது. லோவ்ரே அதன் முன்னால் மண்டியிட்டபடியே கண்ணை மூடிக்கொண்டான். திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை. ஆகஸ்ட் மாதத்து மத்தியான வெயிலில், பெத்தினா துறையில் கட்டிக்கிடக்கிற பாய்மரப் படகின் சமையல் மூலைக்குள் ஓர் ஆள் குனிந்து உட்கார்ந்தால் அவனே பாதி வெந்துவிடுவான். கேஸ் அடுப்பின் கீழ்ப்பெட்டிக்குள் இருந்த பேய்க்கணவாய்தான் வேகவில்லை.

"திரும்பவும் போயிடுச்சா?" மேல்தளத்திலிருந்து அவன் மனைவி திங்கா கேட்டாள்.

"போயிடுச்சு."

"மொரானா சாயங்கால பஸ்ஸுல வந்துருவா."

"தெரியும் திங்கா. காலையிலேருந்து அதையேதான் சொல்லிட்டிருக்க."

அவனுக்கு அது மறந்தால்தானே. மகள் இந்தப் படகில் கால் வைத்து வருடக்கணக்காகிறது. கடைசியாக வந்தபோது, கொஞ்ச நேரம் பார்த்துக்கொள் என்று பேத்தி தோராவை இவனிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது இவன் குடித்துவிட்டுக் குப்புறக் கிடந்தான். குழந்தை தனியாகப் படகின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. மொரானா கத்தவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான்.

அன்றைக்கே குடியை விட்டிருந்தால் லோவ்ரே வேறு ஆள். விட்டது போன குளிர்காலத்தில். இப்போது மகள் பேத்தியோடு சாப்பிட வருகிறாள். எல்லாம் சரியாக இருந்தால் தோராவை ஒரு வாரம் விட்டுப்போகிறேன் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். 'எல்லாம்' என்றால் எது என்று அவள் விளக்கவில்லை. இவனும் கேட்கவில்லை.

முதலில் அடுப்பின் மேல்தான் சந்தேகம். படகுக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான்: இடம் போதாமல் சட்டி பானைகளை அடுப்புக்குள்ளேயே அடுக்கி வைப்பது. கனத்த இரும்புச் சட்டி இடித்து, சுடரை உணர்கிற சின்னக் கம்பி கோணிக்கொள்ளும். கம்பியில் சூடு படாவிட்டால் அடுப்பு தானாகவே கேஸை அடைத்துவிடும். பார்த்தால் கம்பி கோணித்தான் இருந்தது. லோவ்ரேவுக்கு அவ்வளவு சந்தோஷம். நிமிர்த்தினான், பற்றவைத்தான், குமிழை அழுத்திப் பிடித்து விட்டான். நின்று எரிந்தது. கணவாயைச் சுற்றி உருளைக்கிழங்கு அடுக்கிய தட்டைத் திங்கா திரும்பவும் உள்ளே தள்ளினாள். இருவரும் ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் மறுபடியும் போய்விட்டது.

பக்கத்துப் படகிலிருந்து ஷாண்ட்ரோ தலையை நீட்டினான். "என்னடா, கணவாய் கரையேறி ஓடிருச்சா?"

"கேஸ் நிக்க மாட்டேங்குது."

"இங்க வந்து ஒரு கிளாஸ் போடு. மூளை தானா வேலை செய்யும்."

"நான் இப்ப போடறதில்லன்னு உனக்குத் தெரியும்ல."

"தெரியும், தெரியும். இருந்தாலும் கேக்காம இருந்தா மரியாத இல்லயே." ஷாண்ட்ரோ தன் கிளாஸோடு நிழலுக்குப் போனான். தினமும் கேட்பான், தினமும் இதையே சொல்வான். கெட்டவன் இல்லை. ஆனால் தினமும் அதற்கு ஒரு பதில் சொல்வது எவ்வளவு அலுப்பு என்பது அவனுக்குத் தெரியாது.

லோவ்ரே மேலே இருக்கிற பர்னரையும் பற்றவைத்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். மேலும் கீழும் சேர்ந்தே அணைந்தன. அப்படியென்றால் கோளாறு அடுப்பில் இல்லை, கேஸ்தான் வரவில்லை. பின்புறப் பெட்டிக்குப் போய் சிலிண்டரின் மேல் வெந்நீர் ஊற்றித் தடவிப் பார்த்தான். பாதிக்குக் கீழே ஜில்லென்று இருந்தது, கேஸ் இருக்கிறது. சோப்புத் தண்ணீரைக் குழைத்து இணைப்பு ஒவ்வொன்றிலும் தடவினான். ஒரு குமிழி இல்லை. கடைசியில் சிலிண்டர் பக்கத்து மின்சார வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு, திங்காவை அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் கைக்கடியில் 'டக்'கென்று வால்வு மூடிக்கொண்டது.

அந்த வால்வுக்கு மூடச் சொல்லி உத்தரவு போடுகிற ஆள் ஒருவர்தான். தரைப்பலகைக்கு அடியில், படகின் வயிற்றில் இருக்கிற சென்சார். கேஸ் கசிந்தால் கனத்தில் கீழே இறங்கித் தங்கும், சென்சார் அதை மோந்து வால்வை மூடிவிடும். கூடவே ஓர் அலாரமும் கத்தவேண்டும். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அது காரணமே இல்லாமல் கத்திக்கொண்டிருந்ததால், தலைவலி தாங்காத ஒரு காலையில் லோவ்ரேவே அதன் வயரை வெட்டிவிட்டிருந்தான்.

உடனே சிலிண்டரை மூடினான், எல்லாத் திறப்புகளையும் திறந்தான். "கீழ கேஸ் தங்கியிருக்கும் போல. நீ கரைக்குப் போயிரு. ரொட்டி வாங்கணும்னியே, வாங்கிட்டு வா."

"வெடிச்சுகிடிச்சுத் தொலைக்காத," என்று சொல்லிவிட்டுத் திங்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

படிக்கட்டுக்குக் கீழே இருந்த பலகையை அவன் தூக்கினான். அடித்தது கேஸ் நாற்றமல்ல. பெருஞ்சீரகமும் ரோஸ்மேரியும் ஊறிய ராக்கியாச் சாராயத்தின் வாசனை.

தண்ணீர்த் தொட்டிக்கும் படகின் சுவருக்கும் நடுவில் ஒரு பாட்டில் சாய்ந்து கிடந்தது. மேல்மூடியை இறுக்கிப் பிடிக்கிற கம்பி சரியாக மாட்டியிருக்கவில்லை. பாதிச் சரக்கு வழிந்து, சென்சாரைச் சுற்றிக் குட்டையாக நின்றது. கேஸுக்கும் சாராய ஆவிக்கும் வித்தியாசம் தெரியாத அசட்டுச் சென்சார், தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அந்தக் காலத்திலும் அது காரணத்தோடுதான் கத்தியிருக்கிறது என்று இப்போதுதான் புரிந்தது.

பாட்டில் அவனுடையதுதான். எந்த வருடமோ ஒளித்துவைத்தது. சத்தியமாக மறந்தே போயிருந்தான். ஆனால் சத்தியத்தை யார் கேட்கப்போகிறார்கள்? அவன் செய்யாத சத்தியமா? மகள் படியில் கால் வைத்ததும் இந்த வாசனை மூக்கில் ஏறும். அதற்குமேல் ஒரு பேச்சு கிடையாது.

வாயில் எச்சில் ஊறியது. அதை அவன் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை. அதைவிட மோசம், பழைய திறமையெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது: பாட்டிலைத் துணியில் சுற்றி ஷாண்ட்ரோ படகில் போட்டுவிடலாம், காடியை ஊற்றிக் கழுவலாம், கணவாயில் பூண்டை இரட்டிப்பாகப் போடலாம். மறைக்கிற வேலையில் அவனை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. பொய்யைத் தொடங்கினால் அதைத் தினமும் தூக்கிச் சுமக்கவேண்டும். பாட்டிலை எடுத்துச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துவிட்டுக் கழுவ ஆரம்பித்தான்.

திங்கா ரொட்டியோடு இறங்கி வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"திங்கா, இது பழசு. நான் தொடல. நீ நம்பமாட்ட, ஆனா..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

அவள் ரொட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அங்க இருக்கறது தெரியும். நீ தொடலங்கறதும் தெரியும். வாராவாரம் எடுத்துப் பாப்பேன்."

"எடுத்துன்னா?"

"நீ முன்னாடியெல்லாம் பாதி குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தி வெப்பியே. அதனால அளவ மட்டும் பாத்தா போதாது. மூடியத் திறந்து நாக்குல வெச்சுப் பாப்பேன். வெள்ளிக்கிழம அவசரத்துல கம்பிய சரியா மாட்டல போலிருக்கு. என் தப்புதான்."

லோவ்ரே ஈரத்துணியோடு அப்படியே நின்றான். தான் மறந்துபோன ஒன்றை இவள் ஒரு வாரம்கூட மறக்கவில்லை.

"அப்ப நான் நடமாடற பலகைக்கு அடியிலேயே எனக்குப் பரீட்சை வெச்சிருந்த."

"ஆமா."

"பாஸா?"

"வெள்ளிக்கிழம வரைக்கும் பாஸ்," என்றாள் திங்கா. சிரிக்கவில்லை. "எனக்கு மட்டும் ஆசையா லோவ்ரே? கீழ குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. தூக்கிப் போட்டிருக்கலாம். போட்டுட்டா அப்புறம் எத வெச்சு நம்பறது?"

அவன் துணியைப் பிழிந்து வைத்தான். "வேற எங்கெல்லாம் இருக்கு?" என்று கேட்டான். ஒளித்தவன் தேடுகிறவளிடம் கேட்கவேண்டியதாயிற்று.

"நங்கூரச் சங்கிலிக்கு அடியில ஒண்ணு. பழைய பாய் மூட்டையில ஒண்ணு."

மூன்றையும் துறையின் சாக்கடையில் கவிழ்த்தார்கள். ஷாண்ட்ரோ நெஞ்சில் கைவைத்துக்கொண்டு பார்த்தான். பிறகு கழுவி, துடைத்து, விசிறி, வெட்டிய வயரையும் லோவ்ரே முறுக்கி ஒட்டினான். அடுப்பைப் பற்றவைத்தபோது பஸ் வருகிற நேரம். இந்தத் தடவை சுடர் நின்றது. ஆனால் வாசனை போகவில்லை. மரம் குடித்ததைக் கழுவ முடியாது.

மொரானா தோராவின் கையைப் பிடித்துக்கொண்டு துறைமேடையில் நடந்து வந்தாள். செருப்புக் கூடைக்குப் பக்கத்தில், ஏறுபலகையின் முன்னால் நின்றாள். யாரும் காலணியோடு படகில் ஏறுவதில்லை. செருப்பைக் கழற்ற அவள் குனியவில்லை. மூக்கு விடைத்தது.

"அம்மா," என்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

லோவ்ரே வாயைத் திறந்தான். அதற்குள் திங்கா முன்னால் வந்துவிட்டாள். "பழைய பாட்டில்டி. சரியா மூடாம கொட்டவிட்டது நான். இவரு தொடல."

"இவர் சொன்னாரா?"

"இவர் சொல்லி நான் எப்ப நம்பினேன்? குளிர்காலத்துலேருந்து வாராவாரம் திறந்து நாக்குல வெச்சுப் பாத்திருக்கேன். ஒரு சொட்டு குறையல."

"நாக்குல வெச்சா?"

"ஆமா. எனக்கு அந்தக் கசப்பே பிடிக்காது, உனக்குத் தெரியும்ல."

மொரானா அம்மாவை வெகுநேரம் பார்த்தாள். பிறகுதான் அப்பாவைப் பார்த்தாள்.

"கணவாய் இன்னும் வேகல," என்றான் லோவ்ரே. "நேரம் ஆகும்."

"பரவாயில்ல. இருக்கோம்," என்று சொல்லி மொரானா குனிந்து, குழந்தையின் செருப்பு வாரை அவிழ்த்தாள்.