கண் நழுவிய சோதனை

மூளையின் இடப்பாதியில், சொற்களை அடையாளம் காணும் இடத்தை ஒட்டி அவளுக்குக் கட்டி. வலப்பாதியும் நன்றாக வாசித்தால் தாராளமாக வெட்டலாம். இல்லையென்றால் கத்தி பயந்துதான் போக வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் சோதனை. திரையின் நடுவே ஒரு புள்ளி. கண்ணை அதிலிருந்து எடுக்கக் கூடாது. இடப்பக்கம் மின்னும் சொல் வலப்பாதிக்குப் போகும், வலப்பக்கம் மின்னுவது இடப்பாதிக்கு.

முடிந்ததும் மருத்துவர் சிரித்தார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வாசிக்கிறீங்களே! வழக்கமா இடப்பக்கம் நீளமான வார்த்தை வந்தா திணறுவாங்க. முழுசா எடுத்துடலாம்மா."

நடைவழியில் கணவன் குதிக்காத குறை. "என் பொண்டாட்டிக்கு ரெண்டு மூளையாம். ஒண்ணோடயே என்னால மல்லுக்கட்ட முடியலை."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து ஆலையில் அவளுக்கு லேபிள் சரிபார்க்கும் வேலை. பாட்டில்கள் பெல்ட்டில் இடப்பக்கமிருந்து வரும். எதிரே வந்தபின் பார்த்தால் தவறானதைப் பிடுங்க நேரமிருக்காது; கண் முன்னதாகவே இடப்பக்கம் போய்க் காத்திருக்க வேண்டும். சோதனையிலும் அப்படியே போய்விட்டது. இடப்பக்கச் சொற்களை அவள் நேராகவே பார்த்துவிட்டாள்; நேராகப் பார்த்தது இடப்பாதிக்கும் போயிருக்கும்.

"என்னங்க, நான் புள்ளியப் பார்க்கலை."

"வாய மூடு. பாஸான பேப்பரை யாராவது திருத்தச் சொல்வாங்களா?"

"நம்பி வெட்டிட்டா?"

"பயந்து கட்டிய மிச்சம் வெச்சுட்டா?" என்றான். அவன் உதடு உலர்ந்திருந்தது.

அவள் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினாள்.

இம்முறை கண்ணைக் கவனிக்க ஒரு கேமரா. கண் நழுவினால் சொல் வராது. வலப்பக்கம் எல்லாம் சரி. இடப்பக்கம் குட்டிச் சொற்கள் அகப்பட்டன. நீளமானவற்றை எழுத்தெழுத்தாகப் பிடிப்பதற்குள் மறைந்துபோயின. முதுகு வியர்த்து நனைந்தது.

"நல்லவேளை சொன்னீங்க," என்றார் மருத்துவர். "வாசிக்கிற இடத்தை ஒட்டின ஓரத்தை விட்டுத்தான் வெட்டணும்."

"விட்டது வளருமா?" கணவன் கேட்டான்.

"வளரலாம். வளராமலும் போகலாம். முழுசா எடுத்தா வாசிப்பு போயிடும். நீங்கதான் சொல்லணும்மா."

கணவன் அவள் கையைப் பிடித்தான். "படிக்கத் தெரியாம எத்தனையோ பேர் இல்லையா? உயிரோட இருந்தாப் போதும். எடுக்கச் சொல்லு."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஓரத்தை விட்டுடுங்க டாக்டர்."

கணவன் பிடியை விட்டான். எழுந்து வெளியே போனான். கதவைச் சாத்தவில்லை.