மனுவில் எழுதிய இருமல்

1

சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. பக்கத்து வீட்டுத் தச்சர்மேல் நான் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்குள் அவரை வைத்து ஒரு கதையும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்கிற புத்தி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மரம் இழைக்கும் இயந்திரத்தின் ஓலம் அந்தக் காலையை இரண்டாக…' போதும். இந்த மாதிரி வாக்கியம் எழுதித்தான் இந்த நிலைமைக்கு வந்தேன்.

2

தச்சர் தன் வீட்டுப் பின்பக்கம், எங்கள் மதிலை ஒட்டி, இழைப்பு மிஷின் போட்டார். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு பத்திகூட ஓடவில்லை. வக்கீலிடம் போனேன்.

"சார், அவர் இடத்துல அவர் தொழில் பண்றார். எழுத்தாளருக்கு எழுத்து வரலைன்னா கோர்ட் என்ன பண்ணும்? சாதாரண மனுஷனால தாங்க முடியாத தொந்தரவா இருக்கணும், அதான் சட்டம். வீட்ல சாதாரண மனுஷங்க யாராவது இருக்காங்களா?"

இருந்தாள். என் மனைவி.

(இங்கே நீங்கள் சிரிக்கலாம். அவள் சிரிக்கவில்லை.)

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பும் இருமலும் உண்டு. பெண் பார்க்கப் போன அன்றே இருமினாள். நான் மனுவில் அதை 'மரத்தூள் பறக்கத் தொடங்கிய நாள்முதல்' வந்த இருமல் என்று எழுதினேன். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்வதை ஒரு முழுப் பக்கம் எழுதினேன். வக்கீல் படித்துவிட்டு, "பிரமாதம் சார், நீதிபதியே இருமிடுவார்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மானங்கெட்டவன், பெருமைப்பட்டேன்.

இடைக்காலத் தடை கிடைத்தது. மிஷின் நின்றது.

3

இந்த இடத்தில் தச்சரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். குடிகாரர் என்று ஒரு வரி. வாய்த்துடுக்கு என்று இன்னொரு வரி. இரண்டும் பொய், எடுத்துவிட்டேன். என்மேல் உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் வராதா என்கிற நப்பாசைதான்.

மனுவைப் படித்த அன்று என் மனைவி சொன்னது மட்டும் நிஜம்.

"என் இருமலை என்னைக் கேக்காமயே எழுதிட்டீங்க. அடுத்த வாரம் கூண்டுல ஏறி சத்தியம் பண்ணப்போறது நான்தானே? அந்த மனுஷன் பொழப்புல மண்ணைப் போட எனக்கு வாய் வராதுங்க."

"வக்கீல் கேக்கறதுக்கு ஆமான்னு மட்டும் சொல்லு. மத்ததை அவர் பாத்துக்குவார்."

(என்னுடைய இந்த வரியை எடுத்துவிட நினைத்தேன். சொன்னது சொன்னதுதான், கிடக்கட்டும்.)

4

மிஷின் நின்றதும் வீடு அமைதியாயிற்று. அந்த அமைதியில் அவள் இருமல் மதில் தாண்டிக் கேட்டிருக்கிறது.

இன்று காலை தச்சர் வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் குரலை உயர்த்தத் தயாரானேன். கையில் வாளியும் ஈரத்துணியும் வைத்திருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். மிஷினை நிறுத்தியும் அக்காவுக்கு இருமல் நிக்கலையே. பழைய தூள் உங்க ஜன்னல், பரணெல்லாம் தங்கியிருக்கும் போல. நானே தொடைச்சுக் குடுத்துட்டுப் போறேன். என்னால ஒரு பொம்பளை மூச்சு விட முடியாம இருக்காங்கன்னு நெனச்சா சோறு எறங்கல."

இத்தனை வருடத்தில் நான் எழுதியதை வரிக்கு வரி நம்பிய வாசகர் அவர் ஒருவர்தான்.

'வேண்டாங்க, அது வந்து…' என்று நான்

இல்லை. அது கதைக்காகச் சேர்த்தது. வழிவிட்டேன்.

5

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். அதில் நான் ரொம்ப நல்லவனாக வருகிறேன், வேண்டாம். மற்ற இரண்டும் அதைவிட மோசம்.

இப்போது அவர் பின்னறையில் ஸ்டூல்மேல் ஏறிப் பரணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நான் முன்னறையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆமாம், இப்போதுதான்.

மனைவி வந்து கதவோரம் நிற்கிறாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

இந்தப் பத்தியை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் போகவில்லை. பேனாவையே பார்க்கிறாள்.

இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதினால் இதையும் நன்றாகத்தான் எழுதுவேன்.