சின்னதம்பி சட்டையில் ஒரு கைப்பிடி

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வர்றேன்' என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி ஐம்பது வயதான எனக்கு அன்று மறந்துபோனது. சின்னதம்பியை எடுத்துப் போன பிறகு அவன் வாசலில் நின்று அவன் பெண்டாட்டியிடம், "போய்ட்டு வர்றேன், செவ்வந்தி" என்று சொல்லித் தொலைத்தேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

அவன் அன்றே என் பின்னால் வந்துவிட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

சின்னதம்பி புளி உலுக்க மரமேறியவன். காய்ந்த கிளையைக் கழிக்க ஓங்கி வெட்டினான், விழுந்தான். "விதி" என்றது ஊர். ஓடி வந்தவர்களில் நான் மட்டும் தரையைப் பார்த்தேன். கத்தி ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம் கிடந்தன. பிடியை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். அது நான் போட்ட பிடி.

காவலூர் பக்கத்தில் கத்திக்குப் பிடி போடுகிறவன் நான். மரப்பிடி மழையில் ஊறிப் பிளந்துவிடும். அதனால் பழந்துணியை அடுக்கடுக்காக ரெசின் பசையில் நனைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கி, கல்லாக்கிச் செய்வேன். போனில் பார்த்துக் கற்றது. தை மாதக் குளிரில் அது இறுக ஒரு வாரமாவது ஆகும். எனக்குப் போளூரில் ஒரு கல்யாணம். மூன்றாம் நாளே சின்னதம்பியின் கத்தியைப் பிடிக்குள் இறக்கி ஆணி அடித்துக் கொடுத்துவிட்டேன்.

"நல்லா காஞ்சிச்சா மச்சான்?" என்று கேட்டான்.

"நீ செத்தாலும் இது அசையாதுடா" என்றேன். என் கருநாக்கு!

முப்பதாம் நாள் காரியம் கழிந்ததும் செவ்வந்தி வந்தாள். ஒரு கையில் பிடியில்லாத கத்தி, இன்னொரு கையில் நீலக் கட்டம் போட்ட சட்டை. அவன் துணிமணியெல்லாம் ஓடையில் விட்டுவிட்டார்கள். இந்த ஒன்றை மட்டும் சாமைப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாளாம்.

"செத்தவுரு துணி வூட்ல இருக்கக் கூடாதுங்கறாங்க. பிடியா ஆயிட்டா துணி இல்லியேண்ணா, யாரு இன்னா சொல்ல முடியும்? பழைய பிடியத் தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கவே இல்ல."

பழைய பிடி என் தகரப் பெட்டியில் இருந்தது.

அளவெடுக்க ஈரக் களிமண்ணை உருட்டிக் கொடுத்தேன். இறுக்கிப் பிடித்துத் தந்தாள். சின்னக் கை. "வர்றேண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த முறை பதினைந்து நாள் வெயிலில் காய வைத்தேன். ரொம்பத்தான் பொறுப்பு! அரம் போட்டதும் நீலக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுந்து வந்தன. பறந்த தூளில் அவன் வியர்வை வாசம் அடித்தது. பட்டப்பகலில், என் முதுகுக்குப் பின்னால், "காஞ்சிச்சா மச்சான்?" என்று கேட்டது. திரும்பினால் யாரும் இல்லை. அரத்தை ஓட்டினால் மறுபடியும் கேட்டது. பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது.

களிமண் அச்சைப் பக்கத்தில் வைத்துத்தான் அராவினேன். ஆனால் முடித்துப் பார்த்தால் பிடி அந்த அச்சைவிடத் தடிமனாக இருந்தது. எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செவ்வந்தி வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். அவள் விரல்கள் சுற்றி எட்டவில்லை.

"இது எங் கைக்கு இல்லண்ணா. அவுரு கைக்கு இருக்குது" என்று அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா காஞ்சிச்சாண்ணா?" என்று கேட்டாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து பழைய பிடியை அவள் முன்னால் வைத்தேன்.

"அது காயலம்மா. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அவள் அந்தப் பிடியின் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே இன்னும் பிசுபிசுத்தது. விரலைப் புடவையில் துடைத்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"செவ்வந்தி" என்றேன்.

வாசலில் ஒரு கணம் நின்றாள். எப்போதும் சொல்கிற அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவள் எதுவும் சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து இறங்குகிறவளாக, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.