இஸ்பேடு முதலா, கிளாவர் முதலா?

1

இந்தக் கதை பிறந்தது என் மனைவிக்கும் அவள் தங்கைக்கும் நடந்த சண்டையில். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வீட்டில் வாரக்கணக்காக இதே புலம்பல் என்பதால் எனக்கு வேறு கதை வரமாட்டேன் என்கிறது.

முதல் வரி: 'சீட்டுக்கட்டில் நான்கு இனங்கள் உண்டு, அவை' (அடித்துவிட்டேன். பள்ளிப் பாடம்.)

இன்னொன்று: 'தங்கை சீட்டுகளை விரித்ததும் அக்காவின் முகம்' (அவசரப்படுகிறேன்.)

2

பிரிட்ஜ் தெரியாதவர்கள் ஓடிவிட வேண்டாம். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. எந்த இனம் துருப்பு, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனம், என்பதை ஏலம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். வேறு பேச்சு கூடாது. இவர்கள் முறையில் அக்கா கேள்வி மட்டும் கேட்பாள். அவளுடைய ஏலத்துக்கெல்லாம் ஒரே அர்த்தம்: "அப்புறம்?" தங்கை தன் கையில் இருப்பதைப் படிப்படியாகச் சொல்வாள். எந்த இனம் தன்னிடம் இல்லை என்பதையும் அப்படித்தான். ஏலத்தில் முதல் படியைச் சொன்னால், வரிசையில் முதல் இனம் அவளிடம் இல்லை என்று அர்த்தம்.

எது முதல்? அங்கேதான் வினை. இனங்களின் மதிப்பு வரிசையை மேலிருந்து எண்ணினால் இஸ்பேடு, கீழிருந்து என்றால் கிளாவர்.*

* என் மனைவி கண் டாக்டர். நாள் முழுக்கப் பலகையை மேலிருந்து படிக்க வைக்கிறவள். தங்கை லிஃப்ட் மெக்கானிக். அவளுக்கு எல்லாமே தரைத்தளத்திலிருந்துதான். கற்பனையாக இருந்தால் வெட்கப்பட்டு நீக்கியிருப்பேன்.

3

போட்டிக்கு முந்தின நாள்வரை கத்தினார்கள்.

"கீழிருந்து சொன்னா ஒரு படி மிச்சம்க்கா!"

"மிச்சம் புடிச்சு என்னடி பண்ணப் போற?"

முடிவு எட்டாமலே மேஜையில் உட்கார்ந்தார்கள். தங்கையிடம் ஒரு இஸ்பேடுகூட இல்லை. அக்கா மனசு நோகக் கூடாதென்று, மேலிருந்து எண்ணி முதல் படியைச் சொன்னாள். அக்காவோ, சின்னவள் ஆசைப்பட்டாளே என்று கீழிருந்து எண்ணினாள். கிளாவர்தான் இல்லை என்று நினைத்து, இஸ்பேடைத் துருப்பாக்கி உச்சத்துக்கு ஏலத்தை ஏற்றிவிட்டாள். ஏலம் முடிந்ததும், ஆட்ட விதிப்படி தங்கை தன் சீட்டுகளை மேஜையில் விரித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்களாம்.

"உன்னை யாருடி விட்டுக்கொடுக்கச் சொன்னா?"

"உன்னை யாருக்கா சொன்னா?"

அன்றோடு பேச்சு நின்றது. வாரத்தில் ஒரு சாயங்காலம், இந்த ஆட்டத்துக்காக மட்டும்தான் இருவரும் சந்திப்பார்கள். அதுவும் போனால் இவர்களுக்குள் ஒன்றும் மிஞ்சாது. எனக்கு எரிச்சலைவிடப் பயம்தான் அதிகம்.

4

முடிவு அ: தங்கை வேறு ஜோடி தேடிக்கொள்கிறாள். (தேடுவதாகக் கேள்வி. எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ: இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழு (இந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியாது.)

5

மேலே உள்ள அடைப்புக்குறியை மூடும்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் தங்கை, கருவிப் பெட்டியோடு. உள்ளே வரமாட்டாளாம்.

"அத்தான், இனிமே மேலிருந்தே எண்ணிக்கலாம்னு அக்காகிட்ட சொல்லிடுங்க."

அறைக்குள் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஏங்க, வந்திருக்கறது அவதானே? கீழிருந்தே எண்ணிக்கலாம்னு சொல்லுங்க. அவ ஆட வந்தா போதும் எனக்கு."

இரண்டையும் சொன்னால் பழைய கூத்து மறுபடி நடக்கும். ஒன்றை நான் விழுங்கியாக வேண்டும். எதை விழுங்கினாலும், மற்றவளும் தனக்காக இறங்கி வந்தாள் என்பது இவர்களில் ஒருத்திக்குத் தெரியவே தெரியாது.

கூடத்தில் நிற்கிறேன். எனக்குத் துப்பில்லை. நீங்களே சொல்லுங்கள், நான் எந்தப் பக்கம் திரும்பட்டும்?