வெப்சைட்டுக்கு எடுத்த அளவு

அந்தத் தையல்கூடத்தில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். சட்டைக்கு அளவெடுப்பதோடு நிற்கிறவளா அவள்? மிஷின் பெல்ட்டின் நீளம், தண்ணீர்த் தொட்டியின் உயரம், பல்பு மாற்றிய தேதி எல்லாமே அவளுடைய நீளமான அளவு நோட்டில் ஏறிவிடும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புதான். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

அன்று மதியம் ஒரு மணிக்கு மருத்துவமனைக் கொள்முதல் அதிகாரி போன் செய்தார்.

"அம்மா, அளவுப் பட்டியலை வெச்சு உங்களுக்கு மூணு தடவை மெயில் போட்டுட்டேன், மூணும் திரும்பி வந்துடுச்சு. ஆபரேஷன் கவுன் இருநூத்து நாப்பதும் உங்களுக்குத்தான்னு முடிவாயிருக்கு. ஆனா நாலு மணிக்குள்ள அந்தப் பட்டியலை நிரப்பி உங்க கம்பெனி மெயில்லேருந்து அனுப்பணும். சொந்த மெயில்லேருந்து வந்தா இங்க எடுத்துக்க மாட்டாங்க. நாலு தாண்டினா வேலை அடுத்தவங்களுக்குப் போயிடும்."

அளவுக்காரி கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த வேலை வராவிட்டால் சொந்தமாகத் தொடங்கிய இந்தக் கூடத்தைப் பூட்டிவிட்டு, திங்கட்கிழமை முதல் பழையபடி பெரிய ஆடைக் கம்பெனியில் பட்டன் தைக்கும் வரிசையில் போய் உட்கார வேண்டியதுதான். ஒன்பது வருஷம் உட்கார்ந்த வரிசை அது. "உன் நாற்காலி காலியாத்தான் இருக்கு. எப்படியும் திரும்பி வரத்தானே போறே" என்று அங்கிருக்கும் மேலாளர் போன வாரம்தான் நக்கலடித்திருந்தார்.

கொழுந்தனைக் கூப்பிட்டாள். வீட்டில் அவனுக்குக் கம்ப்யூட்டர் புலி என்று பட்டம். பட்டம் கொடுத்தவனும் அவனேதான். கூடத்துக்கு வெப்சைட் போட்டதும், அதன் பெயரிலேயே மெயில் தொடங்கியதும் அவன் கைங்கரியம்.

"போன வாரம் வெப்சைட்டைப் புது ஹோஸ்டிங் கம்பெனிக்கு, அதான் இன்டர்நெட்ல இடம் வாடகைக்கு விடறவங்ககிட்ட, மாத்தினேனே அண்ணி, பழைய கணக்கை மூடிட்டேன்" என்றான் பெருமையாக.

"நம்ம மெயிலும் அங்கதானேப்பா இருந்தது?"

புலி திருதிருவென்று விழித்தது. வெப்சைட்டைக் குடிமாற்றியவன் மெயிலை அம்போவென்று விட்டுவிட்டு வந்திருக்கிறான்! வருகிற கடிதமெல்லாம் பூட்டிய வீட்டில் முட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

சரி, புது கம்பெனியின் கணக்கில் நுழைந்து சரிசெய்யலாம் என்றால் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. மறந்தவர்களுக்கான பொத்தானை அழுத்தினான். உங்கள் மெயிலுக்கு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்றது திரை. எந்த மெயிலுக்கு? செத்துக் கிடக்கிற அதே மெயிலுக்கு! கணக்குத் தொடங்கும்போது அந்த முகவரியைத்தான் கொடுத்திருந்தான் மகராசன். பெட்டிக்குள் சாவியைப் போட்டுப் பெட்டியைப் பூட்டியாயிற்று.

"அவ்வளவுதான் அண்ணி, ஒண்ணும் பண்ண முடியாது" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"அவங்களுக்கு போன் இருக்குமில்ல? போடு."

அரைமணி நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் பேசினாள். "கணக்கு உங்களோடதுதான்னு உறுதி பண்ணணும் சார். தொடங்கின அன்னிக்கு ஒரு வாடிக்கையாளர் எண்ணும், ஆறு இலக்க உதவி எண்ணும் ஸ்கிரீன்ல வந்திருக்கும். ஒரே ஒரு தடவைதான் காட்டும். எழுதி வெச்சிருக்கீங்களா?"

புலியாவது எழுதிவைப்பதாவது! அளவுக்காரி நோட்டைப் புரட்டினாள். போன வாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, புது வாடிக்கையாளருக்கு எழுதுவதுபோலத் திரையில் வந்ததை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். "வெப்சைட்டுக்கு இடுப்பளவும் எடுத்துக்குங்க அண்ணி" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான் அன்றைக்கு. இப்போது அவள் இரண்டு எண்களையும் நிதானமாகப் படிக்கப் படிக்க, வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"ரெண்டும் சரியா இருக்கு மேடம்" என்றாள் போனில் இருந்தவள். அளவுக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எந்திரி தம்பி. இனிமே நான் உக்கார்றேன்."

தன் சொந்த மெயிலைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி, பாஸ்வேர்டையும் தானே வைத்தாள். அந்தப் பெண் சொல்லச் சொல்லப் புது மெயில் பெட்டியைத் திறந்தாள். வருகிற மெயில் எந்த இடத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லும் வரியில் பழைய முகவரியை அழித்துப் புதியதைப் போட்டாள். திரைமேல் மர ஸ்கேலை வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள்.

"எப்ப வேலை செய்யும்மா?"

"சில சமயம் அஞ்சு நிமிஷம், சில சமயம் ஒரு நாளாகும் மேடம்."

ஒரு நாளா! மணி மூன்று. தன் போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தாள், திரும்பி வந்தது. இன்னொன்று அனுப்பினாள், அதுவும் திரும்பியது. தையல்காரிகள் ஆறு பேரும் மிஷினை நிறுத்திவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். மூன்று இருபத்தெட்டுக்கு 'டிங்' என்றது கம்ப்யூட்டர். கூடம் முழுக்க ஒரே கூச்சல். கொழுந்தன் துள்ளிக் குதித்ததில் நூற்கண்டுத் தட்டு கவிழ்ந்தது.

உடனே அதிகாரிக்குச் சொன்னாள், பட்டியல் வந்தது. தோள், கை, உயரம் என்று அவள் விரல்கள் பறந்தன. அதெல்லாம் அவள் ராஜ்ஜியம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூன்று ஐம்பதுக்கு அனுப்பினாள். நாலடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது பதில் வந்தது: பெற்றுக்கொண்டோம், வேலையைத் தொடங்கலாம்.

"ஜெயிச்சுட்டோம்டி!" என்று பக்கத்தில் நின்றவளைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு எல்லோரையும் மிஷினுக்கு அனுப்பிவிட்டு, அதே முகவரியிலிருந்து இரண்டாவது மெயிலை எழுத உட்கார்ந்தாள். அது அந்த மேலாளருக்கு.

'ஐயா, திங்கட்கிழமை நான் வரவில்லை. அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இப்படிக்கு, உரிமையாளர்.'

ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்பினாள். அனுப்பிய நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டாள்.