ஒரே படத்தில் ஒரே ஆள் இரண்டு முறை

1

என் அப்பாவின் முகத்துக்கு விலை நான்காயிரத்து ஐந்நூறு. சொன்னவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர். இரண்டாயிரத்துக்குக் கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. படியிறங்கினேன். எங்கள் குடும்பத்தில் படியிறங்குவது என்றால் ‘கூப்பிடு’ என்று அர்த்தம். மூன்று கடை தள்ளும் வரை அடிமேல் அடி வைத்து நடந்தேன். மனுஷன் கூப்பிடவில்லை. இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். கூப்பிட்டிருந்தால் கதை இல்லை, ரசீதுதான்.

(‘இல்லை’ என்று எழுதியதை அம்மா பார்த்தால் திட்டுவாள். காரணம் மூன்றாம் பகுதியில்.)

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் நான்—’ பொய். சனிக்கிழமை காலை பதினொரு மணி, பல்லை இளிக்கும் வெயில்.

‘நினைவு என்பது—’ இதை முடித்திருந்தால் நீங்களும் படியிறங்கியிருப்பீர்கள்.

மூன்றாவது சுமாரான சரக்கு, ஆனால் கலப்படமற்றது: அம்மாவின் கம்ப்யூட்டரில் படங்களை அடுக்கி வைக்கும் மென்பொருள் கெட்டுப்போனது. திறந்தால் ஒரு வட்டம் சுற்றும். ‘முகங்களை ஒழுங்குபடுத்துகிறது’ என்று சொல்லும். பிறகு தானே மூடிக்கொள்ளும்.

உள்ளே 8,412 படங்கள். ஆல்பங்களில் ஈரம் ஏறத் தொடங்கியபோது அப்பா உட்கார்ந்து ஸ்கேன் செய்தவை. எல்லாவற்றிலும் ஸ்கேன் செய்த தேதிதான் விழுந்திருக்கிறது. ஆகவே மென்பொருளின் கணக்குப்படி என் பெற்றோரின் கல்யாணமும் என் பிறப்பும் ஒரே வாரம். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

போன வருடம் அப்பா இறந்தார். அன்றிலிருந்து அம்மா தினமும் காலையில் அந்த மென்பொருளைத் திறந்து, அவர் முகத்தை அழுத்தி, வரிசையாக வரும் படங்களைப் பார்ப்பாள். அது நின்று பத்து நாளாகிறது.

அவசரம் அதனால் மட்டுமல்ல. சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் போன்.

“அண்ணி, அண்ணனும் நானும் சேந்து நிக்கற படம் ஏதாவது இருக்குமா?”

“இருக்கு தம்பி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க.”

இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாது.

3

எங்களுடையது ஆணிக் கடை. ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள். மூட்டையாக வாங்குபவர்களை அப்பா பார்ப்பார், நூறு கிராம் வாங்குபவர்களைச் சித்தப்பா. தெருவில் அவர்களுக்கு மொத்தம், சில்லறை என்று பெயர். முகம் மட்டும் ஒரே அச்சு. சில்லறையிடம் வாங்கியதற்கு மொத்தத்திடம் சண்டைக்கு வருவார்கள். அப்பாவும் திட்டை வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுப்பார்.

கடையில் விற்கக் கூடாத பொருள் ஒன்று உண்டு: ‘இல்லை’ என்ற சொல். சரக்கு தீர்ந்திருந்தால் ‘வருது’. பழக்கமில்லாத சாமான் கேட்டால் ‘பாப்போம்’. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாம், வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்பார்கள் இரண்டு பேரும். கல்லாவில் முப்பது வருடம் உட்கார்ந்த அம்மாவுக்கு இது ரத்தத்திலேயே ஊறிவிட்டது.

[இந்தப் பத்தி நீளம்தான். குறைக்க மனம் வரவில்லை. ஆணிச் சாக்கின் துருவாசனை எழுதும்போதே விரலில் ஏறுகிறது.]

5

நான்காம் பகுதியை எடுத்துவிட்டேன். அதில் கடை ஏன் பிரிந்தது என்று எழுதியிருந்தேன். முதல் வரைவில் சித்தப்பா வில்லன். இரண்டாவதில் அப்பா. மூன்றாவதில் இரண்டு பேரும் நல்லவர்களாகி, சண்டைக்கே ஆள் கிடைக்கவில்லை. பாகப் பிரிவினையில் ஆல்பம் எங்களுக்கு, தராசு அவருக்கு என்பது மட்டும் உங்களுக்குப் போதும்.

6

கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டேன், மென்பொருளைப் புதிதாக இறக்கினேன். வட்டம் சுற்றியது. கடைசியில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால் பழுதுபார்க்கும் ஜன்னல் ஒன்று வரும் என்று இணையத்தில் ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். வந்தது.

‘37 பிழைகள். ஒரே நபர் ஒரே படத்தில் இரண்டு இடங்களில் இருக்கிறார்.’

முதல் பிழையைத் திறந்தேன். கடைத் திறப்பு நாள். தராசின் இரண்டு பக்கமும் இரண்டு பேர், தலை படிய வாரி. இருவர் முகத்தைச் சுற்றியும் வட்டம், இரண்டின் கீழும் ‘அப்பா’ என்ற பெயர். அடுத்தது, ஒரே சைக்கிளில் இருவரும். அடுத்தது, ஒரே டம்ளரை மாற்றி மாற்றி—

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

“அம்மா, ‘இவரும் இவரும் ஒரே ஆளா’ன்னு இது உன்னைக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. நாள் பூரா அதேதான் கேள்வி.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமான்னேன்.”

“சித்தப்பா மூஞ்சி உனக்குத் தெரியாதா?”

“தெரியும்டா. அதுக்காக, கேட்டு வந்தவங்ககிட்ட இல்லன்னு சொல்ல முடியுமா?”

இதற்குப் பிறகு அம்மா, ‘கடை பிரியறதுக்கு முன்னாடி அவங்க ஒரே ஆளுதான்டா’ என்று சொன்னதாக எழுதினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன், அடித்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. “டீ ஆறுது, குடி” என்றாள்.

நான் ரிப்பேர் செய்ய வந்த கோளாறு, எட்டாயிரத்தில் தேட வேண்டியிருந்த அண்ணன் தம்பி படங்கள் முப்பத்தேழைத் தட்டில் வைத்து நீட்டியிருந்தது. கோளாறு மட்டும் நடந்திருக்காவிட்டால் இன்னும் தேடிக்கொண்டிருப்பேன். தராசுப் படத்தை அச்சடித்து உறையில் போட்டாயிற்று. அம்மா கொடுத்த வாக்கு பொய்க்கவில்லை.

7

மென்பொருள் திறக்க வேண்டுமே. ஒவ்வொரு படத்துக்கும் அது கேட்கிறது: ‘ஒரே நபரா? ஆம் / இல்லை.’ ‘ஆம்’ என்றால் பழையபடி வட்டம் சுற்றும். ‘இல்லை’ என்றால் இரண்டில் அப்பா யார் என்று காட்டச் சொல்லும். ‘இல்லை’ என்று முப்பத்தேழு முறை அழுத்தினால்தான் அம்மாவுக்கு அப்பா கிடைப்பார்.

அழுத்தினேன். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். இல்லை, இல்லை, இல்லை. ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு வட்டத்தின் கீழ் ‘அப்பா’ அழிந்து ‘பெயரற்றவர்’ என்று வந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன் பெரியவர்கள் செய்த பாகப் பிரிவினையை நான் ஒற்றை விரலால் மறுபடி செய்துகொண்டிருந்தேன்.

முப்பத்தேழாவது படத்தில் நான் இருக்கிறேன். மூன்று வயது. இடது கால் ஒரு தோளில், வலது கால் இன்னொரு தோளில். எது அப்பாவின் தோள் என்று எனக்கே தெரியவில்லை.

“அம்மா, இங்க வா. இதுல யாரு யாரு?”

வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

“அதை விட்டு வை. நாளைக்கு அவரு வருவாருல்ல? அவரையே கேளு.”

8

முடிவுகள், தரவாரியாக.

அ. சித்தப்பா வருகிறார், அழுகிறார். (எடையில் ஏமாற்றினால் முறைப்பார். அழுது நான் பார்த்ததில்லை.)

ஆ. வரவில்லை. உறை மேசையிலேயே கிடக்கிறது. (இலக்கியத்துக்கு நல்ல சரக்கு. ஆனால் அம்மா அவருக்கும் சேர்த்து டீ போட்டிருப்பாள்.)

இ. வருகிறார். செருப்பைக் கழற்றும்போதே படத்துக்கு என்ன விலை என்று கேட்கிறார். அம்மா அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கிறாள். திரையில் கேள்வி. ‘இல்லை’ என்றால் அண்ணிக்கு அண்ணன் திரும்பக் கிடைப்பார். ஆனால் அவரும் எங்கள் கடையில் வளர்ந்தவர். அந்தச் சொல்லை ஆயுளில் ஒரு முறைகூட—

இன்று சனிக்கிழமை. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. அவர் விரல் எந்தப் பக்கம் போகும் என்று நீங்களே சொல்லுங்கள். முடிவுக்கு நான் விலை வைக்கவில்லை. நீங்களும் குறைத்துக் கேட்காதீர்கள்.

மொத்தப் படங்கள்: 8,412
பிழைகள்: 37
நான் பிரித்தவை: 36
பாக்கி: ஒன்று, சித்தப்பா பேரில்.